ஈரக் குடையிலிருந்து தொடங்கலாம்

பத்திராதிபர் அவர்களுக்கு,

பிள்ளைகளுக்கு வடிவமைப்புச் சிந்தனையை, அதாவது ஒரு சிக்கலைக் கவனித்து, மாதிரி செய்து, திருத்தித் தீர்க்கும் முறையை, கற்பிக்க விலை கூடிய உபகரணங்கள் வேண்டியதில்லை. கொழும்பு மழையில் வகுப்பறை வாசலில் குவியும் ஈரக் குடைகளே போதும்.

எத்தனை குடை, தண்ணீர் எங்கே தேங்குகிறது, யார் வழுக்குகிறார்கள் என்று முதலில் இரண்டு நாள் பார்த்துக் குறிக்கட்டும். பிறகு நால்வர் குழு. பத்து நிமிடத்தில், குடைகளை வைக்கும் தாங்கிக்கு ஆளுக்கு மூன்று படம். ஒன்றரை லீற்றர் போத்தல்களின் கழுத்தை வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டி, ஐந்தைச் சேர்த்துக் கட்டினால் முதல் மாதிரி தயார்.

நீளக் குடையைச் செருகியதும் அது கவிழும். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கல் போட வேண்டுமென்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். பெரும்பாலும் பாடம் கெடுவது இங்கேதான்: ஆசிரியர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுகிறார். தேங்கும் நீரை அன்றன்றே கொட்டுவது யார் பொறுப்பு என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்; டெங்கு நுளம்புக்கு அந்த நீரே போதும்.

முதல் மாதிரிக்குப் பின் செய்த திருத்தங்களைப் பார்த்தே புள்ளி வழங்குங்கள்.

வடிவமைப்புப் பாட ஆசிரியர்கள்,
வெள்ளவத்தை