முன் ஆக்சிலும் கிளட்ச் கூடும்: செல்வத்துக்கு ஒரு கடிதம்

பேக்கர்ஸ்ஃபீல்டு, கலிஃபோர்னியா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். ஃபமோசோ தடத்தில் 1959இல் தொடங்கிய மார்ச் மீட் என்ற டிராக் பந்தயம் (கால் மைல் நேரோட்டம்) இன்றும் பழைய வண்டிகளின் திருவிழாதான். அந்த நினைப்பிலேயே இருக்கும்போது நீயும் நண்பர்களும் 1955 செவ்ரலே இரண்டு கதவு செடான் வாங்கி, அறுபதுகளின் பாணியில் ஒரு 'கேஸர்' (மூக்கு உயர்த்திய, நேர் முன் ஆக்சில் போட்ட டிராக் பந்தய வண்டி) கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். மனசு நிறைந்துவிட்டது.

நீ கேட்டிருப்பது எஞ்சினைப் பற்றி. அதற்கும் பதில் உண்டு, ஆனால் கடைசியில். நீ அனுப்பிய செலவுப் பட்டியலில் பாதிப் பணம் எஞ்சினுக்கே போகிறது. முன் ஆக்சிலுக்கும் கிளட்ச்சை மூடும் கூட்டுக்கும் மிச்சம் மீதிதான். அதை அப்படியே தலைகீழாக்கு. 400 குதிரைத்திறன் தரும் எஞ்சினை இன்று பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். நேராக ஓடுகிற, ஓட்டுகிறவன் கால்களைக் காக்கிற வண்டியை நீங்கள்தான் கட்டியாக வேண்டும்.

முதலில் மூக்கு ஏன் உயர்ந்து நிற்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள். கிளம்பும் நேரத்தில் பின் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் கூடுதல் எடையைக் கணக்கிடுவது எளிது: வண்டியின் எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன் பின் சக்கர இடைவெளியால் வகுக்க வேண்டும். உன் வண்டி ஆளோடு 3,200 பவுண்டு, இடைவெளி 115 அங்குலம், ஈர்ப்பு மையம் 22 அங்குல உயரம், முடுக்கம் ஒரு ஜி என்று வை. 612 பவுண்டு பின்னால் போகிறது. ஈர்ப்பு மையம் 4 அங்குலம் உயர்ந்தால் 723. அன்றைய குறுகிய, கெட்டியான டயர்களுக்கு இந்த 111 பவுண்டு பெரிய வரம். இன்றைய ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய) டயருக்கு அவ்வளவு தேவையில்லை. அந்தக் காலத்து கேஸ் வகுப்பு (கேஸர்கள் ஓடிய பந்தய வகுப்பு) விதியே கிராங்க் ஷாஃப்ட்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. இப்போது கண்காட்சிக்குக் கட்டுகிறவர்கள் அதையும் தாண்டி வானத்தைப் பார்க்க வைக்கிறார்கள். நீ 24க்குள் நில். கால் மைல் முடிவில் வரும் மணிக்கு 117 மைல் வேகத்தில் (கணக்கு கடைசியில்) வண்டியின் அடியில் புகும் காற்று, லேசான முன் சக்கரங்களை இன்னும் லேசாக்கும். எஞ்சினைச் சக்கர இடைவெளியில் 10 சதவீதம், உன் வண்டிக்கு 11.5 அங்குலம், பின்னே தள்ளவும் விதி இடம் கொடுத்தது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின் முனையில் இருப்பதால் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவே உள்ள தகடு) வெட்டியாக வேண்டும். முதல் ஆண்டு அதைத் தொடாதே.

பாடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒஹையோவின் பனிக்காலச் சாலை உப்பைத் தின்ற வண்டி அது. ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள வளைவு, தரைத்தகடு, கதவுக்குக் கீழ்ப் பெட்டி, டிக்கித் தரை ஆகிய இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார். சேஸின் பின்பாதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். அங்கே ஓட்டை விழுந்தால் பெயின்ட் பேச்சே வேண்டாம், சேஸைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

இனி முன் ஆக்சில். பழைய சஸ்பென்ஷனை வெட்டி எடுப்பதற்கு முன் சேஸை நான்கு இடங்களில் ஸ்டாண்டு வைத்துத் தாங்கி, இரு பக்க ரெயில்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு குழாயைத் தற்காலிகமாக வெல்டு வை. குறுக்குச் சட்டம் போனதும் ரெயில்கள் விலகும். பிறகு எந்த அளவும் ஒத்துவராது. ஆக்சிலுக்கு 1961 முதல் 1967 வரை வந்த ஃபோர்டு எகனோலைன் வேனின் நேர் ஆக்சிலைத்தான் அந்நாள் முதல் பலரும் தேடுகிறார்கள். கிங்பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சு முளை) புஷ்ஷும் புதிதாகப் போடாமல் அதைப் பொருத்தாதே. புது ஆக்சில் கிட்டும் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான்.

லீஃப் ஸ்பிரிங் இருக்கைகளை டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்துவிட்டு அளந்து பார். இடது பக்கம் முன் ஆக்சில் மையத்திலிருந்து பின் ஆக்சில் மையம் வரை, வலது பக்கம் அதே, பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் டேக்கை அறுத்து மறுபடி வை.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கேஸ்டர், அதாவது கிங்பின்னின் சாய்வு. கிங்பின்னின் மேல் முனை 6 முதல் 8 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சேஸை மட்டமாக வைத்து 7 டிகிரி அமைத்துவிட்டு, பிறகு மூக்கை 3 டிகிரி தூக்கினால் அது 10 டிகிரி ஆகிவிடும். ஸ்டியரிங் கனக்கும், சக்கரம் உதற ஆரம்பிக்கும். ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், உண்மையான டயர்கள் எல்லாம் ஏறி, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி அளவு. குறையை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்து. இன்னொன்றும் உண்டு. முன் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் சக்கரம் சுழலும் திசையிலேயே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் கேஸ்டர் அந்த நொடியில் குறைந்துவிடும். கோட்டைத் தாண்டி பிரேக் மிதித்ததும் சில வண்டிகள் பயங்கரமாக உதறுவதற்கு இது முக்கியமான காரணம். மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங் டேம்பரை வைத்து மூடி மறைக்க முயலாதே. டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கியிருக்கும் அளவு) பதினாறில் ஒன்றிலிருந்து எட்டில் ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

ஸ்டியரிங்குக்கு வேகா காரின் கியர்பெட்டியை வைத்து, டிராக் லிங்க்கை (அந்தப் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) குறுக்காக வலது சக்கரத்துக்குக் கொண்டுபோகப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். சரியான முடிவு. ஆனால் அப்படிச் செய்தால் பன்ஹார்டு ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸோடு பிடிக்கும் தண்டு) கட்டாயம். ஷேக்கிளில் தொங்கும் ஸ்பிரிங் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். ஆக்சில் அரை அங்குலம் நகர்ந்தால் நீ ஸ்டியரிங்கைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். பன்ஹார்டு ராடு டிராக் லிங்க்குக்கு இணையாகவும், முடிந்தவரை அதே நீளத்திலும் இருக்கட்டும். அப்போது இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கும். ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் இருக்க நைலான் பட்டை கட்டிவிடு.

அடுத்து கிளட்ச் கூடு. 1970 மார்ச்சில் லயன்ஸ் தடத்தில் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் டிராக்ஸ்டரில் இரண்டு வேக கியர்பாக்ஸ் வெடித்து அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டது. அவர் எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது அதற்கப்புறம்தான். நம் வண்டியில் எஞ்சினும் கிளட்ச்சும் முன்னால்தான், கால்களும் அதன் பக்கத்தில்தான். எனவே வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதே. கிளட்ச் வழுக்கும் சூட்டில் அதன் முகத்தில் மயிரிழை விரிசல்கள் விழும். 6,500 சுற்றில் அந்த விரிசல்தான் வெடிப்பாகிறது. எஸ்எஃப்ஐ (பந்தயப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமைப்பு) 1.1 சான்று பெற்ற எஃகு ஃப்ளைவீலும் கிளட்ச்சும், எஸ்எஃப்ஐ 6.1 சான்று பெற்ற எஃகுக் கூடும், எஞ்சின் பக்கத்துத் தடுப்புத் தகடும் வாங்கு. எல்லா ஓட்டைகளிலும் கிரேடு 8 போல்ட் இருக்க வேண்டும். எடை குறைக்கிறேன் என்று யாராவது கூட்டில் துளை போட வந்தால் டிரில்லைப் பிடுங்கி வை.

புதுக் கூடு எஞ்சினோடு மையம் ஒத்திருக்கும் என்று நம்பிவிடாதே. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்று. கிளட்ச்சை எடுத்துவிட்டு டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, முள்ளைக் கூட்டின் நடுத்துளையின் உள்விளிம்பில் வை. கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்று. மொத்த ஆட்டம் 5 தௌவுக்குள் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) இருந்தால் நல்லது. 14 தௌ காட்டினால் மையம் 7 தௌ விலகியிருக்கிறது, ஏனென்றால் கேஜ் காட்டுவது இரண்டு மடங்கு. அதற்கு 7 தௌ விலகல் உள்ள டவல் பின்கள் (கூட்டை எஞ்சினில் இடம் நிறுத்தும் முளைகள்) கிடைக்கின்றன. 14, 21 அளவுகளிலும் உண்டு. இரண்டு பின்னையும் ஒரே திசை பார்க்கும்படி திருப்பிப் பொருத்தி, மறுபடி அள. கூட்டின் பின்முகத்தையும் அதேபோல் பார்த்துவிடு. இதைச் செய்யாமல் விட்டால் பைலட் புஷ் தேயும், கியர் தானாகக் கழன்று வரும், ஷிஃப்ட் கடினமாகும். எல்லோரும் கியர்பாக்ஸைப் பழி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கியர்பாக்ஸ் என்று வரும்போது மன்ஸி எம்21 உனக்குக் கிடைத்திருக்கிறது, முதல் கியர் 2.20. பின் ஆக்சிலில் 4.88 போட்டால் முதல் கியரில் மொத்தம் 10.7. நல்ல தொடக்கம். அலுமினியப் பெட்டியில் கவுன்ட்டர் ஷாஃப்ட் உட்காரும் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பார். அந்தப் பெட்டிகளின் பலவீனமே அதுதான். தேய்ந்த துளையில் கியர்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி, ஒருநாள் பல்லோடு கிளம்பிவிடும்.

பின் ஆக்சிலுக்கு ஃபோர்டு 9 அங்குலம், 31 ஸ்ப்லைன் (தண்டு முனையின் பற்கள்), ஸ்பூல் (இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் பாகம்). இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிராக்கெட்டுகளை வெல்டு வைக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும்: ஒரு அங்குலம் வைத்து, எதிர்ப்பக்கம் போய், ஆறவிட்டு வா. ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வாழைப்பழமாக வளையும். அப்புறம் புது ஆக்சில் தண்டு போட்டாலும் அது பேரிங்கைத் தின்னும். கிளம்பும்போது டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும் என்பதால் வலது லேடர் பாரில் (ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் சேஸோடு பிடிக்கும் சட்டம்) கொஞ்சம் முன்னழுத்தம் கொடு. வண்டி நேராகக் கிளம்பும் வரை கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பு. லீஃப் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு லேடர் பாரை ஆக்சிலில் இறுக்கமாக வெல்டு வைக்காதே. இரண்டின் வளைவும் வேறு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் இருக்கை ஆக்சில் குழாயின் மேல் சுழலும்படி ஃப்ளோட்டர் போடு.

இப்போது நீ கேட்ட எஞ்சின். 350 பிளாக், ஃபோர்ஜ்டு பிஸ்டன், 10.5க்கு 1 கம்ப்ரஷன், சாலிட் லிஃப்டர் கேம். மெயின் பேரிங் இடைவெளி 2.5 தௌ, கன்ராடு 2 முதல் 2.5. பிஸ்டன் ரிங் முனை இடைவெளி போர் அளவின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 4 தௌ, அதாவது 4 அங்குலத்துக்கு 16. களிமண் வைத்துப் பார்க்கும்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்ட்டில் 100 தௌ குறையக்கூடாது. ஃப்ளாட் டேப்பெட் கேம் முதல் அரைமணியில்தான் பிழைக்கும் அல்லது சாகும். கேம் லோபுகளில் பசை தடவி, துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம் ஓட்டு. ஐடிலில் லோபுகளுக்கு எண்ணெய் தெறித்து எட்டாது. அதனால் கார்புரேட்டர், டைமிங், தண்ணீர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே சாவியைத் திருப்பு. இரட்டை வால்வு ஸ்பிரிங் என்றால் அந்த 20 நிமிடத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வை. மொத்த டைமிங் 34 முதல் 36 டிகிரி.

எவ்வளவு ஓடும் என்று கேட்டிருந்தாய். எடையைக் குதிரைத்திறனால் வகு: 3,200ஐ 400ஆல் வகுத்தால் 8. அதன் கனமூலம் 2. அதை 5.825ஆல் பெருக்கினால் கால் மைலுக்கு 11.65 நொடி. 234ஐ அதே 2ஆல் வகுத்தால் மணிக்கு 117 மைல். 28 அங்குல டயரில் 4.88 கியரோடு அந்த வேகம் ஏறத்தாழ 6,850 சுற்று. வழுக்கலையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் மேலே போகும், கேமையும் வால்வு ஸ்பிரிங்கையும் அதற்குத் தேர்ந்தெடு. நேரச் சீட்டில் 117 மைல் வந்து நேரம் மட்டும் 12.2 என்று நின்றால் எஞ்சினைத் தொடாதே, குறை முதல் 60 அடியில் இருக்கிறது. டயர் அழுத்தத்தை 13 பவுண்டில் தொடங்கி அரை அரை பவுண்டாக மாற்று. ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். நால்வரும் ஆளுக்கொன்றைத் திருகினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளட்டும்.

11.65க்கு ரோல் பார் கட்டாயமில்லை. என்ஹெச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு) விதி 11.49இலிருந்துதான் கேட்கிறது. நீங்கள் இப்போதே போடுங்கள், ஒரு குளிர்ந்த மாலைக் காற்றில் அந்தப் பத்தில் இரண்டு நொடி குறைந்துவிடும். மைல்டு ஸ்டீல் என்றால் ஒன்றே முக்கால் அங்குலக் குழாய், 118 தௌ சுவர். அதைத் தரைத்தகட்டில் அல்ல, சேஸில் வெல்டு வைக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் வளையம் முன் யூனிவர்சல் ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கட்டும். முன் ஜாயின்ட் உடைந்து தண்டு தரையில் குத்தினால் வண்டி அதன் மேல் எகிறும். பேட்டரி டிக்கிக்குப் போவதால் பின்பக்கம் வெளியிலிருந்து எட்டும் கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும். அது ஆல்டர்னேட்டரையும் சேர்த்து நிறுத்துகிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துப் பார், இல்லாவிட்டால் பேட்டரி போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட் தடத்தில் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்கிவிடுவான். ஒஹையோ குளிருக்கு முன் அந்தத் தண்ணீரை வடித்துவிட மறக்காதே.

வண்டி சக்கரத்தில் நின்றதும் இரண்டு மூலைவிட்ட அளவும், கேஸ்டரும், கூட்டின் டயல் கேஜ் கணக்கும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங் எத்தனை இலை என்று சொல்ல முடியும். அம்மாவுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு