பன்மை பற்றி மகளுக்கு

தக்கலை

அன்புள்ள மகளுக்கு,

மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்காக நீ எழுதிப் பழகிய பரிந்துரைக் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். நோயாளியின் நிலையை நீ வரிசைப்படுத்திய விதமும், மருந்து விவரங்களைச் சுருக்கிய முறையும் நன்றாக இருக்கின்றன. பெயர்ச்சொற்களின் ஒருமை பன்மையில் மட்டும் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்குக் காரணம் உன் கவனக்குறைவு என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். பணிக்காலம் முழுவதும் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உன் பிழைகளில் பெரும்பாலானவை தமிழின் இலக்கணத்திலிருந்து பிறந்தவை. அந்த இலக்கணம் எங்கே ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று தெரிந்துகொண்டால், மனப்பாடம் செய்ய வேண்டியது மிகவும் குறைந்துவிடும்.

'டூ டேப்லெட்' என்று நீ எழுதியிருப்பதையே எடுத்துக்கொள். நாம் 'பத்து தேங்காய்' என்றுதான் சொல்கிறோம். பத்து என்ற எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் 'கள்' அங்கே தேவைப்படுவதில்லை. தொல்காப்பியர் காலத்திலிருந்தே அஃறிணைப் பெயர்களுக்குக் 'கள்' வேண்டும்போது மட்டும் சேர்ந்துகொள்ளும் விகுதிதான். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்னும் தொடர்களில் பெயர் மாறாமல் நிற்க, வினைதான் எண்ணிக்கையைக் காட்டுகிறது. இத்தகைய சொற்களை நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறார். மலையாளத்திலும் எண்ணுக்குப் பின் அஃறிணைப் பெயர் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் குமரி மாவட்டத்தில், இரண்டு மொழிகளையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இரட்டிப்பாக ஊறியிருப்பதில் வியப்பில்லை. ஆங்கிலமோ, எண் முன்னால் நின்றாலும் நிற்காவிட்டாலும், எண்ணக்கூடிய பெயர் ஒன்றுக்கு மேற்பட்டால் அதைப் பெயரிலேயே காட்டச் சொல்கிறது. ஷீப், டியர் போன்ற சில சொற்கள் மட்டுமே நம் மாட்டைப் போல ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே வடிவில் நிற்கின்றன. 'ஒன் ஆஃப் தி பேஷன்ட்' என்று நீ எழுதிய இடத்தில் தமிழே உனக்கு உதவியிருக்கும். 'நோயாளிகளில் ஒருவர்' என்றுதானே சொல்வோம்? அங்கே பேஷன்ட்ஸ் என்றே வர வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது. உன் கடிதத்தில் 'அட்வைஸஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' ஆகிய மூன்றும் இருக்கின்றன. தமிழில் அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று எண்ணிச் சொல்கிறோம். ஆகவே உன் மனம் அவற்றுக்கும் ஒரு 'ஸ்' சேர்த்துவிடுகிறது. ஆங்கிலம் இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல், தண்ணீரைப் பார்ப்பது போல ஒரே திரளாகப் பார்க்கிறது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் வேறொரு சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். தோவாளைப் பூச்சந்தையில் 'இரண்டு பிச்சி' என்று யாரும் கேட்பதில்லை, 'இரண்டு முழம் பிச்சி' என்றுதான் கேட்கிறோம்; அதுபோலவே 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ யூனிட்ஸ் ஆஃப் ப்ளட்' என்று பன்மையை அளவுச்சொல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே புதிய பெயர்ச்சொல் ஒன்றைக் கற்கும்போது, அதன் பொருளோடு, அதற்கு முன்னால் 'மெனி' வருமா 'மச்' வருமா என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள். பொருளை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபர்னிச்சர் திரள், சேர் எண்ணக்கூடியது.

'ஸ்டாஃப்' என்ற சொல்லில் தனிக் கவனம் வேண்டும். நாகர்கோவில் மருத்துவமனைகளில் ஒரு செவிலியரையே 'ஸ்டாஃப்' என்று அழைத்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அது பணியாளர் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும் கூட்டப்பெயர். ஒருவரைச் சொல்ல 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்' அல்லது நேராக 'எ நர்ஸ்' என்று எழுது. பிரிட்டிஷ் வழக்கில் 'ஸ்டாஃப்' பெரும்பாலும் பன்மை வினையை ஏற்கும். டயபிடிஸ், மீஸில்ஸ், ரேபிஸ் ஆகியவை இதற்கு நேர் எதிர்: 'எஸ்' எழுத்தில் முடிந்தாலும் ஒருமை வினையையே கொள்பவை.

உன் கடிதத்தின் முதல் வரியே 'எ 45-இயர்ஸ்-ஓல்ட் வுமன்' என்று தொடங்குகிறது. இங்கே இயர் என்பது அடைமொழியாக நிற்பதால் அதற்குப் பன்மை இல்லை. 'ஷி இஸ் 45 இயர்ஸ் ஓல்ட்' என்னும்போது உண்டு. நாமும் 'மூன்று நாள் காய்ச்சல்' என்கிறோமே தவிர 'மூன்று நாட்கள் காய்ச்சல்' என்று பெயராகச் சொல்வதில்லை. மேலும், மில்லிகிராம் என்று முழுச்சொல்லாக எழுதினால் பன்மை உண்டு, 'எம்ஜி' என்ற குறியீட்டுக்கு ஒருபோதும் இல்லை.

எழுத்து மாற்றங்கள் உனக்குப் பெரிய சிரமம் தரா. பயாப்ஸி, ஆர்டரி ஆகியவற்றின் இறுதி 'ஒய்' மாறும்; எக்ஸ்ரேயின் 'ஒய்' மாறாது. கல் கற்கள் ஆவதையும் மரம் மரங்கள் ஆவதையும் அறிந்த உனக்கு இவை எளியவை. கிரேக்கத்திலிருந்து வந்த டயக்னோஸிஸ், பன்மையில் டயக்னோஸீஸ் ஆகும். பேக்டீரியா என்பதே பன்மை, அதன் ஒருமை பேக்டீரியம்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சுத் தேர்வில் இது வெளிப்பட்டுவிடும். உன் தொழிலின் மூன்று சொற்களே பன்மை ஒலியின் மூன்று விதிகளையும் காட்டுகின்றன. பேஷன்ட்ஸ் என்பதில் வருவது மெல்லிய 'ஸ்'. டாக்டர்ஸ் என்பதில் குரல்வளை அதிர வேண்டும். விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். நர்ஸஸ் என்பதில் இடையே ஓர் உயிரொலியும் கூடுகிறது. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட இடமில்லாததால் நாம் எல்லாவற்றையும் முதலாவதாகவே ஒலித்துவிடுகிறோம். 1958 இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைச் சிறு பிள்ளைகளிடம் காட்டி, 'வக்' என்ற பொருளற்ற பெயரைச் சொல்லி, அதன் பன்மையைக் கேட்டார். அவர்களில் பெரும்பாலானவர்கள் உரிய ஒலியோடு சொன்னார்கள். ஆனால் நர்ஸஸ் போல உயிரொலி கூட வேண்டிய புதுச் சொற்களில் பலர் தடுமாறினார்கள். தாய்மொழிப் பிள்ளைகளுக்கே காது பழகக் காலம் எடுக்கிறது என்றால், உனக்கும் எடுக்கட்டும். வாய்விட்டு வாசிப்பதை மட்டும் விட்டுவிடாதே.

ஃபுட் ஃபீட் ஆவதும் டூத் டீத் ஆவதும் ஏன் என்று சிறுவயதில் நீ கேட்டதுண்டு. இன்று முறையாகவே பதில் சொல்கிறேன். பழைய வடிவத்தில் பன்மை விகுதியாக ஓர் இகர ஒலி இருந்தது. அது முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டு, பின்னர்த் தானே தேய்ந்து மறைந்தது. மாறிய உயிர் மட்டும் பன்மைக்கு அடையாளமாக எஞ்சியது. மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ் என்று இந்த வழியில் இன்று நிற்பவை ஏழே சொற்கள். சில்ட்ரன் என்பதோ பன்மையின் மேல் பன்மை. பழைய பன்மையான 'சில்ட்ரு' பன்மையாகத் தோன்றாமல் போகவே, அதன்மேல் 'என்' விகுதி ஏறியது. நாம் தாய்மார் என்பதைத் தாய்மார்கள் என்றும், அவர் என்பதை அவர்கள் என்றும் ஆக்கியதும் அவ்வாறே. நம் இலக்கணத்தார் இதை விகுதிமேல் விகுதி என்பார்கள். ஒரே பிள்ளையை அருகில் அழைக்கும்போதும் 'மக்களே' என்னும் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்த உனக்கு, பன்மை வடிவம் எப்போதும் எண்ணிக்கையை மட்டுமே குறிப்பதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வுக்கு 45 நிமிடங்கள்; அதில் முதல் 5 நிமிடங்கள் குறிப்புகளை வாசிக்க மட்டும். கடிதமோ 200 சொற்களுக்குள் அடங்கிவிடும், ஆகவே இறுதியில் ஒருமுறை பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு போக நேரம் கிடைக்கும். அடுத்த பயிற்சிக் கடிதத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் கீழும் கோடிட்டு, அது எண்ணக்கூடியதா, அதன் வினை அதற்கு இணங்குகிறதா என்று நீயே ஒருமுறை சரிபார். இரவுப் பணி முடிந்த காலையில் எழுத உட்காராதே. உறங்கி எழுந்து, சாப்பிட்ட பின் எழுது. எழுதியதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திருத்தி அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா