செத்த மீனைப் புதைப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரியிலோ ஆற்றிலோ மீன்கள் செத்து மிதந்தால் மறுநாள் செய்தியில் இரண்டு வரிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. 'ஆக்சிஜன் குறைபாடே காரணம்' என்பது அதிகாரிகள் தரப்பு, 'ஆலைக் கழிவுதான் காரணம்' என்பது மக்கள் தரப்பு. எது உண்மை என்று சொல்லக்கூடிய சாட்சியம் அதற்குள் குழி தோண்டிப் புதைக்கப்பட்டிருக்கும்.

முதலில் நேரம். பாசி மண்டிய நீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறும். இரவில் அதே பாசியும் அடிச்சேற்று நுண்ணுயிரிகளும் அதைத் தின்று தீர்க்கும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். 30 டிகிரி செல்சியஸில் நீர் இயல்பாகப் பிடித்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். 3-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும், 1-ஐ ஒட்டி வந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். விடியற்காலையில் 1 காட்டிய குளம் பிற்பகலில் 10, 12 கூடக் காட்டும். ஆகவே, நண்பகலில் மீட்டரை நனைத்துவிட்டு 'ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளது' என்று அறிக்கை எழுதுவதில் அர்த்தமே இல்லை. மீட்டர் இல்லையென்றால், ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை போதும். 300 மில்லி பாட்டிலில் குமிழி புகாமல் நீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு-அசைடு கரைசல் 1 மில்லி விட்டு மூடிக் குலுக்கினால் பழுப்பு நிறத்தில் படியும். வெள்ளையாகவே படிந்தால் அந்த நீரில் ஆக்சிஜன் அறவே இல்லை என்று கரையிலேயே தெரிந்துவிடும்.

பிற்பகல் அளவீடும் வேண்டும், ஆனால் அது கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்காக. பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் பி.எச். (காரத்தன்மை) ஏறுகிறது. 25 டிகிரியில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நஞ்சாகும் வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காலையில் மீன்களை ஒன்றும் செய்யாத அதே கழிவு மாலைக்குள் கொன்றுவிட இது போதும்.

மீனின் உடலே நிறையச் சொல்லும். மூச்சுத் திணறிச் செத்த மீனின் வாய் பிளந்தும் செவுள்கள் விரிந்தும் இருக்கும், பெரிய மீன்கள் முந்திச் சாகும். காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும் விரால், தேளி போன்றவை பிழைத்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அவையும் போய், தலைப்பிரட்டை, நண்டு, நீர்ப்பூச்சிகளும் செத்துக் கிடந்தால் நஞ்சைத் தேட வேண்டும். மார்புத் துடுப்புகள் தலைப்பக்கமாக விறைத்து நின்றால் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியையும், இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் நைட்ரைட்டையும் சந்தேகிக்கலாம். இவை துப்புகள்தாம், தீர்ப்பு அல்ல.

முதல் ஊகம் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு ஓடர் ஆறு உதாரணம். 2022 கோடையில் போலந்து-ஜெர்மனி எல்லையில் ஓடும் அந்த ஆற்றில் குறைந்தது 360 டன் மீன்கள் மடிந்தன. முதலில் பாதரசம் என்றார்கள். உண்மையில் கொன்றது உவர்நீரில் வாழும் ஒரு பொன்பாசியின் நச்சு. சுரங்கக் கழிவுநீரால் ஏறிய உப்பும், வெப்பமும், வற்றிய நீரோட்டமும் அதை நன்னீர் ஆற்றில் பெருக வைத்தன. தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் ஒன்றில் அந்த நாட்களில் ஆக்சிஜன், பி.எச்., உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மூன்றும் கூடியிருந்தன. தொடர் பதிவு இருந்ததால்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் சாவதற்கும் பல ஆண்டுகள் காரணம் புரியவில்லை. மழைநீர் சாலையிலிருந்து ஓடைக்கு அடித்துச் செல்லும் டயர் துகள்கள் ஊறிய நீரில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்து, 6பிபிடி-குயினோன் என்ற ஒன்றே கொலையாளி என 2020-இல் அறிவித்தனர். வழக்கமான கழிவுநீர்ச் சோதனைப் பட்டியல் எதிலும் அந்தப் பெயர் அப்போது கிடையாது.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் எல்லாம் கெடுகிறது. கண் வெளுத்து, செவுள் நிறமிழந்து ஊதிய மீன் ஆய்வகத்துக்குப் பயன்படாது. செவுள் இன்னும் அசைகிற மீன்தான் வேண்டும். பூச்சிக்கொல்லிச் சோதனைக்கு அலுமினியத் தாளில் சுற்றி உறைய வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பை ஆகாது. உலோகச் சோதனைக்கு நேர்மாறாக பிளாஸ்டிக் பைதான். திசு ஆய்வுக்கு, திசுவைப் போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். முழு மீனை அப்படியே அமிழ்த்தினால் உள்ளுறுப்புகள் அழுகிவிடும், வயிற்றைக் கீறிவிட வேண்டும். நீரைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து 4 டிகிரியில் வைக்க வேண்டும். மீன் சாகாத மேல்நீரோட்டப் பகுதியிலிருந்தும் மாதிரி எடுக்காவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது இதுதான்.

2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு 23,496 நன்னீர் உயிரின வகைகளை மதிப்பிட்டது. அதில் மீன் வகைகளில் 26 சதவீதம் அழியும் அபாயத்தில் உள்ளன. மாசு, அணை, நீரெடுப்பு, வேளாண்மை, அயல் மீன்கள் எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அணையின் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும், மிதக்கும் மீன்களால் தலைப்புச் செய்தியாகாது. கண்ணுக்குத் தெரியும் சாவையாவது சரியாகப் பதிவு செய்யலாமே.

செய்தியாளர்கள் 'ஆக்சிஜன் எவ்வளவு' என்று கேட்கும்போது 'எத்தனை மணிக்கு அளந்தது' என்றும் கேட்டு அச்சிடலாம். புகைப்படக்காரர் மீன் குவியலோடு நிறுத்தாமல் செவுள் மூடியைத் தூக்கி ஒரு படம், துடுப்புகள் தெரிய ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுக்கட்டும். படம் எடுத்த நேரத்தையும் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
நன்னீர் மீன் ஆய்வாளர்கள் சிலர்