மஞ்சள் பூசிய மானிட்டர்

ரங்கூன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கோபப்படாதே, பாதிக் குற்றம் கரண்டுடையது, மீதி என் மானிட்டருடையது. வீட்டில் எல்லோரும் நலம். மழை பிடித்துவிட்டது. காளி கோயிலுக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும் காலம்.

மானிட்டர் கதையை உன்னிடம் கொட்டித் தீர்க்கவேண்டும். ஸ்கிரீனில் ஒரு நிறம், பிரிண்டில் ஒரு நிறம் என்று நான் புலம்பியதைக் கேட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன் நிறம் அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். அதை ஸ்கிரீன் மேல் தொங்கவிட்டால், கூட வரும் மென்பொருள் விதவிதமான நிறங்களைக் காட்டி அளந்து, எந்த நிறத்தை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று ஒரு கணக்கு எழுதி வைக்கும். புரொஃபைல் என்று பெயர். வெள்ளையின் சாயலுக்கு 6500 கெல்வின், நடுத்தர நிறங்களின் வெளிச்சத்துக்கு காமா 2.2, ஸ்கிரீனின் வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா என்று கொடுத்து அளந்துவிட்டுப் போனான்.

என் கை சும்மா இருந்ததா? மறுநாள் மானிட்டரின் பட்டனைத் தட்டிப் பார்த்தால் அதிலும் 6500 என்று ஒன்று இருக்கிறது. நல்லதுக்குத்தானே என்று அதில் வைத்தேன். ஸ்கிரீன் மஞ்சளாகிவிட்டது. நீல வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும், போகப்போகப் பழகும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். அந்த நினைப்பிலேயே ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்தும் கொடுத்துவிட்டேன். மஞ்சளைப் பார்த்துப் பார்த்துக் குறைத்திருக்கிறேன் போல. பிரிண்டில் குழந்தைகளின் கன்னத்துத் தனக்கா, அந்த மரப்பட்டை அரைத்த மஞ்சள் பூச்சு, சுண்ணாம்பு மாதிரி வந்தது. பெண்ணின் அம்மா ஆல்பத்தை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். முழுவதையும் மறுபடி என் செலவில் போட்டுக் கொடுத்தேன்.

மென்பொருளை அழித்தேன், மஞ்சள் போகவில்லை. மானிட்டர்தான் போய்விட்டது என்று புதிதுக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். என்னைக் காப்பாற்றியது கரண்ட் கட், நம்புவாயா? ஒரு நாளில் ஐந்தாறு முறை கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதில் ஒன்று கண்ணில் பட்டது. விண்டோஸ் எழும்போது வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனதும், இரண்டு விநாடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது போல ஆகிறது. அப்புறம் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தேன். அதன் எழுத்து நல்ல வெள்ளை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலுக்கு அனுப்பினால் அங்கேயும் மஞ்சள் இல்லை. அப்படியென்றால் படத்திலும் குற்றமில்லை, மானிட்டரிலும் இல்லை, நடுவில் படத்தை மானிட்டருக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் யாரோ மஞ்சள் கலக்கிறார்கள்.

அது அந்தப் பழைய புரொஃபைல். நீலம் தூக்கலாக இருந்த மானிட்டரை அளந்து, நீலத்தைக் குறைக்கச் சொன்ன கணக்கு அது. நான் பட்டனைத் தட்டி மானிட்டரிலும் நீலத்தைக் குறைத்தேன். ஒரே கடனை இரண்டு தடவை அடைத்த கதை. மென்பொருளை அழித்தாலும் புரொஃபைல் விண்டோஸுக்குள்ளேயே கிடக்கிறது. லாகின் ஆகும்போதெல்லாம் விண்டோஸே அதை எடுத்துப் போட்டிருக்கிறது.

கண்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மென்ட் என்று இருக்கிறது. அதில் என் மானிட்டரைத் தேர்ந்து, அந்தப் புரொஃபைலை நீக்கி, கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டேன். வெள்ளை வந்துவிட்டது. மச்சான், கத்திவிட்டேன்! வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பிறகு மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு, மென்பொருளை மறுபடி ஏற்றி, அவன் விட்டுப்போன கருவியை வைத்துப் புதிதாக அளந்தேன். இப்போது மானிட்டர் பட்டன் மேல் டேப் ஒட்டியிருக்கிறது.

உன் பேரனுடைய ஸ்கிரீன் சாயங்காலம் ஆனால் மட்டும் மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். விண்டோஸில் இருட்டினால் நீலத்தைக் குறைக்கும் நைட் லைட் போட்டிருப்பான், அணைக்கச் சொல். கருவி வைத்து அளப்பதாக இருந்தாலும் முதலில் அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அளவே தப்பாகிவிடும்.

பர்மா பஜாரில் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இங்கே அது எந்தச் சாலட்டுக்கும் சொல்கிற பேர் என்பதை மறந்துவிட்டாயா? நீ கேட்ட லாப்பெட்டை, அதுதான் ஊறவைத்த தேயிலையை, கட்டி வைத்திருக்கிறேன். சென்னைக்கு யாராவது கிளம்பினால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கூட்டாளி