பத்து இலட்சமும் கணக்கில் வந்தன: ஒரு நன்றி மடல்

கிளிநொச்சி

அன்பான உறவுகளே,

நேற்று இரவு வலையமைப்பில் பத்து இலட்சம் தரவுப் பொதிகளை அனுப்பினோம். பத்து இலட்சமும் கணக்கில் வந்தன. ஐந்து வாரமாக இந்த ஒரு எண்ணைப் பார்க்கத்தான் விழித்திருந்தோம்.

லினக்ஸ் ஓடும் சிறிய ரூட்டர் ஒன்றுக்கு டிரைவர், அதாவது அதன் வலை இணைப்பை இயக்கும் மென்பொருள், எழுதுகிறோம். பத்து இலட்சம் அனுப்பியதாக, ரூட்டரோடு கேபிளால் இணைத்த சுவிட்ச் சொல்லும். வந்த பொதிகளின் கணக்கைக் காட்டும் ரூட்டரின் /ப்ராக்/நெட்/டெவ் கோப்பிலோ எண்ணிக்கை குறையும், அதுவும் ஒவ்வொரு தரமும் வேறு வேறு அளவில். பொதிகள் வழியில் விழுகின்றன என்றே நம்பினோம். பரந்தன் கடை அண்ணா காசு வாங்காமல் மூன்று தரம் புதுக் கேபிள் அடித்துத் தந்தார். முதல் நன்றி அவருக்கு.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தங்கச்சிதான், "அண்ணா, ஒரு கோரை மட்டும் விட்டு ஓட்டிப் பாப்பமா?" என்று கேட்டார். கோர் என்பது சிப்பில் வேலை செய்யும் மூளை, எங்கள் சிப்பில் இரண்டு. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓட விட்டோம். எண்ணிக்கை அச்சொட்டாக வந்தது! ஒரு பொதியும் விழவில்லை, எண்ணுவதில்தான் பிழை. வரும் பொதிகள் இரண்டு கோருக்கும் பிரிந்து போகின்றன. 'ஒன்றைக் கூட்டு' என்று நாம் எழுதும் ஒரு வரி சிப்புக்கு மூன்று வேலை: எண்ணை எடுப்பது, கூட்டுவது, திருப்பி வைப்பது. இரண்டு கோரும் ஒரே நேரத்தில் 500 என்று எடுத்தால், இரண்டும் 501 என்றே திருப்பி வைக்கும். வந்த பொதி ஒன்று வராததாகிவிடும்.

கீழே அரிசி ஆலை நடத்தும் வீட்டுக்கார ஐயா தேத்தண்ணியோடு மேலே வந்தவர், விசயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு வாசலாலயும் மூட்டை ஏறேக்க ஒரு கொப்பியிலயே எழுதுறது? வாசலுக்கு ஒரு கொப்பி வையுங்கோ தம்பி, பின்னேரம் கூட்டுங்கோ" என்றார். லினக்ஸின் உட்கருவான கேர்னலில் உள்ள வழியும் அதுவேதான். கோருக்கு ஒரு எண்ணி, வாசிக்கும்போது மட்டும் கூட்டல். ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் எண்ணியைத் தொடும்படி பூட்டுப் போட்டும் திருத்தலாம், ஆனால் பொதிக்குப் பொதி ஒரு கோர் மற்றதற்காகக் காத்து நிற்கும்.

அப்புறம் ரொறன்ரோ அண்ணா. வேலைக்குப் போக முன்னர் விடியப்புறம் எழும்பி, திருத்தத்தை வரி வரியாக வாசித்தார். எங்கள் சிப் ஒரு தரத்தில் 32 பிட் எண்ணைத்தான் கையாளும், வந்த பைட்டுகளைக் கணக்கிடும் எண்ணியோ 64 பிட். அதை இரண்டு பாதியாகத்தான் வாசிக்க முடியும். கீழ்ப்பாதி நிரம்பி மேற்பாதிக்கு ஒன்று ஏறும் கணத்தில் வாசித்தால் கணக்கு ஒரேயடியாக 4,294,967,296 பைட் பிசகும். அதற்குக் கேர்னலில் இருக்கும் காவலையும் அவரே காட்டித் தந்தார். எங்கள் சோதனையில் இது ஒருநாளும் அகப்பட்டிருக்காது.

கடை அண்ணா, கழற்றி வைத்த கேபிள்கள் எல்லாமே நல்லவை. சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
மாடி அறையில் இருந்து நாங்கள் மூவரும்