தனியாகத் தள்ள முடியாத குச்சி

கார்ல்ஸ்ரூஹ்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகு,

நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டது உனக்காக இல்லை. பின்னால் உங்கம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாரே, அதற்காக. பதிலுக்கு நானும் பேசி அனுப்பத்தான் நினைத்தேன். சொல்ல வேண்டியது நீண்டுகொண்டே போனதால் எழுத உட்கார்ந்துவிட்டேன். பொறுமையாகப் படி.

இங்கே எல்லோரும் நலம். யாழினி ஐந்தாம் வகுப்பு. தூக்கத்தில் ஜெர்மனில் உளறுகிறாள், திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கப்பாவின் முழங்கால் பற்றி நீ சொன்னதுதான் மனதை அரித்தது. தேர்ச்சக்கரத்துக்கு அடியில் குனிந்து குனிந்து கட்டை போட்ட கால் அது. ஆபரேஷன் தேதி முடிவானதும் உடனே சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு 'வீடியோ கேம் மாதிரியும் இருக்கணும், சிற்பம் மாதிரியும் இருக்கணும், நாலு பிள்ளைங்க சேர்ந்து ஆடணும்' என்று ஏதோ செய்யப்போவதாகச் சொன்னாயே, அது ஏற்கெனவே இங்கே இருக்கிறதுடா! போன மாதம்தான் அப்படி ஒன்றின் முன்னால் போய் முட்டாள் மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் இசட்கேஎம் என்று ஒரு கலை, ஊடக மையம். 300 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கட்டடம், முதல் உலகப் போர் காலத்தில் கட்டிய ஆயுதத் தொழிற்சாலை. துப்பாக்கிக் குண்டு செய்த கூடத்தில் இப்போது வீடியோ கேம் வைத்திருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையில் விடுப்பு, வீட்டில் யாரும் இல்லை, போனேன்.

அங்கே ஒரு ஜாய்ஸ்டிக், அதுதான் வீடியோ கேமை ஆட்டுகிற குச்சி, நிற்கிறது. 1977இல் வந்த அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டியோடு வந்ததே, கறுப்புச் சதுர அடித்தளம், நடுவில் கறுப்புக் குச்சி, இடது மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான், அதேதான். ஆனால் உயரம் ஏறக்குறைய 9 அடி. மேரி ஃப்ளானகன் என்ற அமெரிக்கக் கலைஞர் 2006இல் செய்தது. உலகத்திலேயே பெரிய ஜாய்ஸ்டிக் என்று கின்னஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெருமையை விட்டுத்தள்ளு. சும்மா பார்ப்பதற்காகச் செய்த பொம்மை இல்லை அது. எதிரே திரையில் பழைய அட்டாரி ஆட்டம் ஓடுகிறது, இந்தக் குச்சியைத் தள்ளித்தான் ஆட வேண்டும்.

நான் போன நேரம் கூடத்தில் ஈ, காக்காய் இல்லை. பாறைகளைச் சுட்டு உடைக்கும் ஆட்டம். குச்சியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் தள்ளினேன். திரையில் விண்கலம் திரும்பிற்று. சுட வேண்டுமே! குச்சியை விட்டுவிட்டுப் பொத்தானுக்கு ஓடினேன். அதற்குள் குச்சி நிமிர்ந்துகொண்டது, பாறை வந்து இடித்தது, உயிர் போயிற்று. மறுபடி தள்ளினேன், ஓடினேன், போயிற்று. 45 வயது ஆள், இயந்திரப் பொறியியல் படித்தவன், ஒரு குச்சிக்கும் ஒரு பொத்தானுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறேன். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பினால் ஒரு பாட்டி நிற்கிறார். எழுபது வயதாவது இருக்கும், கையில் மடக்கிய குடை. ஒன்றும் கேட்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் பொத்தானிடம் போய் நின்றார்.

என் ஜெர்மன் உனக்குத் தெரியும், காய்கறிக் கடைக்குத்தான் காணும். 'யெட்ஸ்ட்!' என்று கத்தினேன். 'இப்ப!' என்று அர்த்தம். அவர் ஓங்கி அடித்தார். இரண்டு நிமிடத்தில் அவரே என்னைப் பார்த்து, இடது பக்கம் தள்ளு என்று கையை ஆட்டி அதட்ட ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு புள்ளி எடுத்தோம் என்று நினைவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

வெளியே வந்து டிராமில் உட்கார்ந்ததும் எனக்கு நினைவு வந்தது எது தெரியுமா? நம்ம திருவாரூர் தெற்கு வீதியில் அந்த டிவி கேம் கடை. ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய், நம்மிடம் சேர்த்து ஐந்து. அரை மணி நேரம், அதுவும் ஒரே ஒரு ஜாய்பேட். இன்னொன்று எப்போதும் ரிப்பேர். அதனால் ஒரே பேடை நீ இடது கையிலும் நான் வலது கையிலும் பிடித்துக்கொண்டு மரியோ ஆடினோமே. நீ ஓட்டுவாய், நான் குதிக்க வைப்பேன். பள்ளத்தில் விழுந்தால் ஓட்டியவன் தப்பா, குதிக்காதவன் தப்பா என்று கமலாலயக் கரை வரை சண்டை. ஃப்ளானகன் செய்திருப்பது அதைத்தான் என்று எனக்குப் பட்டது. வறுமையால் நாம் கண்டுபிடித்ததை அவர் அளவைப் பெரிதாக்கிக் கட்டாயமாக்கிவிட்டார். ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதே பழைய ஆட்டம். குச்சி மட்டும் ஒரு ஆளுக்கு மிஞ்சிய அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவ்வளவுதான், பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

உனக்கு இது புதிதாக இருக்காது. வடம் பிடிக்கிறவனுக்குச் சக்கரம் தெரியாது, கட்டை போடுகிறவனுக்கு முன்னால் வீதி தெரியாது. உங்கப்பா கை காட்டினால்தான் வடம் நிற்கும். ஆழித்தேரை நான் பத்து வயதிலிருந்து பார்க்கிறேன், அது எப்படித் திரும்புகிறது என்று யோசித்ததே கார்ல்ஸ்ரூஹ் டிராமில்தான். வெட்கக்கேடு.

ஃப்ளானகன் மட்டும் இல்லை. இதே இசட்கேஎம்மில் பல வருடம் பொறுப்பில் இருந்த ஜெஃப்ரி ஷா என்பவர் 1989இலேயே ஒரு நிஜ சைக்கிளை நிறுத்தி வைத்து, மிதித்தால் எதிரே திரையில் ஊர் விரிகிற மாதிரி செய்தார். அந்த ஊரில் கட்டடங்களுக்குப் பதிலாக எழுத்துகள். தெருவில் போகப் போக வாக்கியம் படிக்கலாம். 1998இல் அதை விரிவாக்கி, வேறு வேறு இடத்தில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் அந்த எழுத்துத் தெருவில் சந்தித்துப் பேசிக்கொள்ளும்படி பண்ணினார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் தினமும் செய்கிற காரியம்தான். ஆனால் அவர்கள் யாரும் மூச்சு வாங்குவதில்லை.

பெர்லினில் பார்த்தது வேறு ரகம். கார்ல் மார்க்ஸ் சாலையில் கணினி விளையாட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே 'பெயின்ஸ்டேஷன்' என்று ஒரு மேசை. கொலோன் நகரத்தில் ஊடகக் கலை படித்த இரண்டு பேர், மோராவே, ரைஃப், 2001இல் செய்தது. எதிரெதிரே இருவர் நின்று பாங் ஆடுகிறார்கள். 1972இல் வந்த ஆட்டம், இரண்டு கோடு, ஒரு பந்து. வலது கையால் ஆட்டம், இடது உள்ளங்கை ஒரு தகட்டின் மேல். பந்தை விட்டால் தகடு சுடும், அல்லது ஷாக் அடிக்கும், அல்லது சின்னக் கம்பிச் சாட்டை ஒன்று சுழன்று புறங்கையில் விளாசும். புள்ளி எவ்வளவு இருந்தாலும் சரி, கையை முதலில் எடுத்தவன் தோற்றான்.

என் அலுவலக நண்பர் ஒருவரோடு ஆடினேன். நான்தான் முதலில் கையை எடுத்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல குறும்பு, ஒப்புக்கொள்கிறேன். எதிராளியின் முகம் சுளிப்பதைப் பார்த்து நமக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கிறதே, அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு தடவைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஜோக்கை இரண்டாவது தடவை கேட்ட மாதிரி ஆகிவிடுகிறது. நீ பள்ளிக்கு எது செய்தாலும் இந்தப் பக்கம் போகாதே. தலைமையாசிரியர் உன்னைத்தான் தகட்டில் உட்கார வைப்பார்.

நான் நேரில் பார்க்காத ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பெர்லினில் அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் 'ஆசிரியர் இல்லம்' என்று ஒரு பழைய கிழக்கு ஜெர்மனிக் கட்டடம். 2001 செப்டம்பரில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்கிற ஹேக்கர் சங்கம், தங்கள் 20ஆவது ஆண்டைக் கொண்டாட அதன் மேல் எட்டு மாடிகளை எடுத்துக்கொண்டது. மாடிக்கு 18 ஜன்னல், மொத்தம் 144. ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடிக்கும் வெள்ளை அடித்து, பின்னால் ஒரு விளக்கை வைத்து, எல்லாவற்றையும் ஒரே கணினியில் இணைத்தார்கள். கட்டடமே திரை, ஒரு ஜன்னல் ஒரு புள்ளி. கீழே சதுக்கத்தில் நிற்கிற யாரும் கைப்பேசியில் ஒரு எண்ணை அழைத்து, பொத்தான்களை அமுக்கி அந்தச் சுவர் முழுக்கப் பாங் ஆடலாம். இன்னொருவரும் அழைத்தால் இருவருக்கும் போட்டி. 2002 பிப்ரவரி வரை இரவுதோறும் நடந்தது. அடுத்த இலையுதிர்காலத்தில் பாரிஸ் தேசிய நூலகத்தின் ஒரு கோபுரத்தில் 520 ஜன்னல்களை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தார்கள்.

இது சிற்பமா என்று கேட்பாய், ஓவிய வாத்தியார் ஆச்சே. எனக்குத் தெரிந்த பதில் இதுதான். திரையில் ஒரு புள்ளி எரிந்தால் அது புள்ளி. இங்கே ஒரு புள்ளி எரிந்தால் அங்கே ஓர் அறை இருக்கிறது, தரை, சுவர், கதவு எல்லாம் இருக்கிறது. யாரோ படியேறிப் போய் அந்த விளக்கை மாட்டியிருக்கிறார்கள். தவிர, ஆடுகிறவர் யாரென்று கூட்டத்தில் தெரியாது. சதுக்கத்தில் நிற்கிற அத்தனை பேரும் காதில் வைக்காமல் கைப்பேசியை முகத்துக்கு முன்னால் பிடித்திருப்பவனைத் தேடியிருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. யார் வேண்டுமானாலும் தங்கள் காதலன், காதலிக்கு ஒரு சின்னப் படம் செய்து அனுப்பிவைத்து, சதுக்கத்துக்கு அழைத்து வந்து, இரகசிய எண்ணை அமுக்கி அந்தச் சுவரில் ஓடவைக்கலாம். எட்டு மாடிக் காதல் கடிதம்! நாம் பரிட்சை அட்டைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் ஷாப்பிங் மால்களில் 'இன்டராக்டிவ்' என்று எழுதி ஒரு பளபளப்பு வைக்கிறார்களே, காலை வைத்தால் பூ விரியும், செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் ஒட்டவில்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூ ஒரே மாதிரிதான் விரிகிறது.

சரி, உன் வேலைக்கு வருவோம். ஜாய்ஸ்டிக் என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை. உள்ளே இருப்பது நான்கு ஸ்விட்ச், திசைக்கு ஒன்று. குச்சி சாயும்போது ஏதாவது ஒன்று அமுங்கும், மூலைக்குச் சாய்ந்தால் இரண்டு சேர்ந்து அமுங்கும். நீ செய்ய வேண்டியது:

அர்டுயினோ லியனார்டோ என்ற சின்னப் போர்டு ஒன்று வாங்கு. லியனார்டோதான், வேறு மாடல் தலையில் கட்டினால் வாங்காதே. அதில் ஒரு சின்ன நிரலை ஏற்றிக் கணினியில் செருகினால், அதைக் கணினி கீபோர்டு என்றே நம்பிவிடும். திசைக்கு ஒரு லிமிட் ஸ்விட்ச், அதாவது ஏதாவது வந்து முட்டினால் அமுங்குகிற ஸ்விட்ச், பொத்தானுக்கு இன்னொன்று, ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் தருவார்கள். பிள்ளைகள் ஸ்க்ராட்ச் என்ற எளிய நிரல் மொழியில் தாங்களே ஆட்டம் எழுதட்டும், அம்புக்குறி நான்கு, ஸ்பேஸ் ஒன்று போதும். வயரில் ஓடுவது 5 வோல்ட்தான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. குச்சி தானாக நிமிர, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு பக்கமும் இழுத்துக் கட்டு.

இரண்டு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். குச்சியின் பாரம் ஸ்விட்ச் மேல் விழக்கூடாது. ஸ்விட்ச் அமுங்கியதும் குச்சி ஒரு மரத்தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தொங்கினாலே முதல் அரை மணியில் நான்கும் நொறுங்கிவிடும். தடுப்புக்கும் குச்சிக்கும் நடுவில் விரல் போகாதபடி ஒரு ரப்பர் உறையும் மாட்டு. இன்னொன்று, பொத்தானைக் கை எட்டாத தூரத்தில் வை. பிள்ளைகள் கேட்பார்கள், 'சார், இன்னும் கிட்ட வச்சா ஈஸியா இருக்குமே' என்று. வைக்காதே. குச்சியையும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசையும்படி கனமாகச் செய்.

என்ன மரம் போடலாம் என்று எனக்குத் தெரியாது, உங்கப்பாவைக் கேள். கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லட்டும், ஆபரேஷனுக்கு முன்னால் மனசுக்கு ஒரு வேலையாக இருக்கும். தடுப்புக்கட்டையின் சாய்வை அவரையே வரையச் சொல். அளவைப் படம் எடுத்து அனுப்பினால் ஸ்விட்ச் எங்கே வர வேண்டும் என்று நான் குறித்து அனுப்புகிறேன்.

மே மாதம் வருகிறோம். யாழினியிடம் இதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பொத்தான் தனக்குத்தான் என்கிறாள். குச்சிப் பக்கம் நீயும் நானும் நிற்கலாம். பள்ளத்தில் விழுந்தால் அது ஓட்டியவன் தப்புதான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பாலு