டாக்கா வேலை விஷயமா

உத்தரா, டாக்கா
18.10.2024, வெள்ளிக்கிழமை

மாப்ள,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன். பின்னால ஓவர்லாக் மெஷின் சத்தம், நடுவுல யாரையோ திட்டற, ஆனாலும் விஷயம் புரிஞ்சுது. டாக்கா பக்கத்துல காஜிப்பூர்ல நிட் கம்பெனி, புரொடக்‌ஷன் மேனேஜர் வேலை, இப்ப வாங்கறதுல ஒன்றரை மடங்கு சம்பளம், தங்க ஃபிளாட்டு, சாப்பாடு. "நீ அங்கதான இருக்க, வரலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு"ங்கற.

ஒரே வார்த்தையில வேணும்னா: இப்ப வராத. ஆனா நான் இங்கயேதான் இருக்கப் போறேன். இதைப் போன்ல சொன்னா "ஏன்டா, நீ மட்டும் சம்பாதிக்கணுமா"ன்னு ஆரம்பிச்சுருவ, அப்பறம் நான் சொல்ல வந்தது போயே போயிரும். இங்க வார லீவு வெள்ளிக்கிழமை. அதான் உக்காந்து எழுதறேன்.

அம்மா மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் இல்லாம நடக்கறாங்கன்னு கேட்டு சந்தோஷம். பாப்பா காலேஜ் ஃபீஸ் பத்தி நீ வாயே தொறக்கல, ஆனா நீ இந்த வேலைய யோசிக்கறதே அதுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் "வராத"ன்னு ஒரு வார்த்தையோட நிறுத்த மனசு வரல.

இங்க ஜூலைல நடந்ததை டிவில பார்த்திருப்ப. 1971 விடுதலைப் போராட்டக்காரங்க வாரிசுகளுக்கு அரசு வேலைல 30 சதவீத ஒதுக்கீடு இருந்துச்சு. 2018ல அதை எடுத்துட்டாங்க. இந்த வருஷம் ஜூன் 5ஆம் தேதி ஹைகோர்ட் திரும்பக் கொண்டு வந்துச்சு. பசங்க ரோட்டுக்கு வந்தாங்க. ஜூலை 21ல சுப்ரீம் கோர்ட் அதை 5 சதவீதமாக் குறைச்சப்ப விஷயம் ஒதுக்கீட்டைத் தாண்டி எங்கேயோ போயிருச்சு, ஏன்னா அதுக்குள்ள அத்தன பேர் செத்திருந்தாங்க. 18ஆம் தேதி எங்க உத்தராவுலயே, ஆஜம்பூர்ல, முக்தோன்னு ஒரு பையன். "பானி லாக்பே, பானி?"ன்னு, அதாவது தண்ணி வேணுமான்னு கேட்டுக்கிட்டே கூட்டத்துல தண்ணி பாட்டில் கொடுத்துட்டு இருந்தவனைச் சுட்டுட்டாங்க. நாங்க இருக்கற வீட்டுல இருந்து நடந்து போற தூரம். மொத்தம் ஆயிரம் பேருக்கு மேல செத்திருக்காங்கன்னு ஆகஸ்ட் கடைசியில புது அரசாங்கமே சொல்லுச்சு.

அந்த ஜூலை 18 ராத்திரி நாடு பூரா நெட் போச்சு. மறுநாள் நள்ளிரவுல இருந்து ஊரடங்கு, மிலிட்டரி. பிராட்பேண்ட் 23ஆம் தேதி வாக்குல வந்துச்சு, மொபைல் டேட்டா 28ஆம் தேதிதான். நம்ம தொழில்ல நெட் இல்லன்னா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பையருக்கு மெயில் போகாது, சிட்டகாங் துறைமுகத்துல கஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் ஓடாது, கன்டெய்னர் அப்படியே நிக்கும். ஆனா அப்ப எனக்கு ஷிப்மென்ட் ஞாபகமே இல்ல. உன் தங்கச்சியும் பையனும் அப்ப எங்கூடத்தான் இருந்தாங்க. துப்பாக்கிச் சத்தம் கேட்டா பையன் "பட்டாசா?"ன்னு கேப்பான், நாங்க "ஆமா"ம்போம். மாசக் கடைசியில ரெண்டு பேரையும் சென்னை ஃப்ளைட்ல ஏத்தி விட்டேன். இப்ப பெருந்துறையில மாமனார் வீட்டுல இருக்காங்க.

ஆகஸ்ட் 5 காலைல ஜனங்க ஏர்போர்ட் ரோட்டுல டவுனைப் பார்த்து நடந்து போனதை மொட்டை மாடியில இருந்து பார்த்தேன். அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்ல. மத்தியானம் பிரதமர் ஹசீனா நாட்டை விட்டே போயிட்டாங்க. 8ஆம் தேதி யூனுஸ் இடைக்கால அரசுக்குத் தலைவராப் பதவியேத்துக்கற வரைக்கும் அரசாங்கம்னு ஒண்ணு இல்ல. ஸ்டேஷன்ல போலீஸ் இல்ல. டிராஃபிக்கை காலேஜ் பசங்க பார்த்துக்கிட்டாங்க, போலீஸைவிட நல்லாவே பார்த்தாங்க. ராத்திரியானா கொள்ளைக்காரங்க வர்றாங்கன்னு மசூதி மைக்ல சொல்லுவாங்க, தெருவுல ஆம்பளைங்க எல்லாம் கம்போட காவல் நிப்பாங்க. எங்க வீட்டு ஓனர் மேல வந்து, "தாதா (இங்க அண்ணன்னு அர்த்தம்), நீங்க கீழ வராதீங்க, லைட்டை அணைச்சுட்டுப் படுங்க, யாராவது கேட்டா எங்க வீட்டு ஆளுன்னு நாங்க சொல்லிக்கறோம்"னு சொல்லிட்டுப் போனார். அவருக்கு அறுபது வயசுக்கு மேல, ஆஸ்துமா வேற. கேட்டுக்கிட்ட சேர் போட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தார்.

அந்த நாலஞ்சு நாள்ல இந்தியன்னு சொல்லிக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. ஹசீனா போய் இறங்கினது நம்ம நாட்டுல. அன்னைக்கே தான்மண்டியில இந்திரா காந்தி கலாச்சார மையத்தை அடிச்சு நொறுக்கினாங்க. 7ஆம் தேதி நம்ம ஹை கமிஷன், அவசியமில்லாத ஸ்டாஃபையும் குடும்பங்களையும் ஏர் இந்தியாவுல ஏத்தி அனுப்பிருச்சு. இங்க 19,000 இந்தியர்கள் இருக்காங்க, அதுல 9,000 பேர் மாணவர்கள்னு ஜெய்சங்கர் பார்லிமென்ட்ல சொன்னாரே, அந்தக் கணக்குல நானும் ஒரு ஆளு.

நீ அப்ப எனக்கு ஒரு ஃபார்வர்ட் அனுப்புன, கிரிக்கெட் ஆடற லிட்டன் தாஸ் வீட்டை எரிச்சுட்டாங்கன்னு. எரிஞ்சது மஷ்ரஃபி மொர்தசா வீடு. அவரும் கிரிக்கெட்காரர்தான், ஆனா ஹசீனாவோட அவாமி லீக் கட்சி எம்.பி. அதுக்காக எல்லாமே கட்டுக்கதைன்னும் நான் சொல்ல மாட்டேன். இந்துக்களோட வீடு, கடை, கோயிலைத் தாக்கினது நெசமாவே நடந்துச்சு. போன வாரம் துர்கா பூஜை மிலிட்டரி காவலோட நடந்துச்சு. அப்படியும் சாத்கீரா பக்கம் ஜெஷோரேஷ்வரி கோயில்ல, 2021ல மோடி கொடுத்த காளி கிரீடத்தைப் பட்டப்பகல்ல எடுத்துட்டுப் போயிட்டாங்க. நம்ம டிவி சொல்ற அளவுக்கு மோசம் இல்ல, இங்கத்த ஆளுங்க சொல்ற அளவுக்கு நல்லாவும் இல்ல.

எனக்கு ரொம்ப உறுத்தினது இதெல்லாம் இல்ல. ஆகஸ்ட் 20 வாக்குல ஃபெனி, கொமில்லா பக்கம் பெருவெள்ளம். திரிபுராவுல டம்பூர் அணையை இந்தியா சொல்லாமக் கொள்ளாமத் தொறந்து விட்டுருச்சுன்னு பேச்சு. அப்படி இல்லன்னு டெல்லி மறுத்துச்சு, யாரு கேக்கறா? எங்க ஃப்ளோர்ல ஒரு லைன் சூப்பர்வைசர், டெய்லி எங்கூட டீ குடிக்கறவன், ஃபெனிக்காரன். வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. அந்த வாரம் எனக்கு முகமே கொடுக்கல. அவனுக்கு நான்தான் இந்தியா. இப்ப பேசறான், ஆனா டீக்கு அவனாக் கூப்பிடறதில்ல.

சரி, உன் விஷயத்துக்கு வர்றேன். 2023 மார்ச் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல பீகார் பசங்களை வெட்டறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு. திருப்பூர் ஸ்டேஷன்ல கூட்டம், ஹோலிக்குப் போறவன் யாரு, பயந்து ஓடறவன் யாருன்னே தெரியல. உன் யூனிட்டுல யாரு போனா, யாரு இருந்தாங்கன்னு நீதான் எங்கிட்ட சொன்ன. பழைய பசங்க ஒருத்தனும் போகல. கான்ட்ராக்டர் மூலமா அப்பத்தான் வந்த பசங்க ராத்திரியோட ராத்திரியா மூட்டையைக் கட்டிட்டாங்க. பழையவனுக்கு உன் நம்பர் தெரியும், மளிகைக் கடையில அக்கவுன்ட் இருக்கு, தமிழ்ல நாலு கெட்ட வார்த்தையாவது தெரியும். புதுசா வந்தவன்கிட்ட அந்த வீடியோ மட்டும்தான் இருந்துச்சு. நீ இப்ப வந்தா அந்தப் புதுப்பையன் நிலைமைதான் உனக்கு. எனக்கு இங்க பெங்காலி பேச வரும், வீட்டு ஓனர் இருக்கார், எந்தத் தெருவுல எப்பப் போகக் கூடாதுன்னு ரிக்‌ஷாக்காரர் சொல்லுவார். நான் தைரியசாலின்னு நெனைக்காத. இவங்க எல்லாம் இல்லாம இருந்திருந்தா ஆகஸ்ட் 6ஆம் தேதியே நான் ஏர்போர்ட்ல நின்னிருப்பேன். அதனால "அவன் இருக்கான்ல, நானும் இருந்துக்கலாம்"னு மட்டும் கணக்குப் போடாத.

அதோட உனக்கு வந்திருக்கற வேலையும் லேசான வேலை இல்ல. இங்க கார்மென்ட் தொழிலாளிக்குக் குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் 12,500 டாக்கா, நம்ம காசுக்கு ஒம்பதாயிரம்கூட வராது. போன மாசம் டாக்கா பக்கத்துல கார்மென்ட் கம்பெனிங்க இருக்கற ஆஷுலியாவுல அதுதான் வெடிச்சுது. ஒரு நாள் வேலைன்னா மறுநாள் கேட்டு மூடி. தொழிலாளர் சட்டத்துல 13(1)னு ஒரு பிரிவு இருக்கு, ஸ்ட்ரைக்னு சொல்லி மூடினா சம்பளம் தர வேண்டியதில்ல. அதைக் காட்டி எத்தனையோ கம்பெனியை மூடினாங்க. 24ஆம் தேதி 18 கோரிக்கையை ஒத்துக்கிட்டதுக்கு அப்பறம்தான் கொஞ்சம் அடங்குச்சு. அவங்க பக்கம் நியாயம் இருக்கு, நான் அவங்க இடத்துல இருந்தாலும் ரோட்டுக்குத்தான் வருவேன். ஆனா ஒரு மணி நேரத்துக்கு இத்தன பீஸ்னு டார்கெட் கேக்கறவன் நீயா இருப்ப, அதுவும் இந்தியனா இருப்ப. கோபம் வந்தா முதல்ல யாரைச் சுத்தி நிப்பாங்கன்னு யோசி.

நம்ம ஊர்ல பனியன் வேஸ்ட்டை யாரு எடுக்கறாங்கன்னு நீ ஒரு நாளாவது கவலைப்பட்டிருக்கியா? இங்க அதை ஜுட்னு சொல்றாங்க, பெரிய காசு, ஆளுங்கட்சிக்காரன் கையில இருக்கும். ஆட்சி மாறினதும் அதை எடுக்க வர்ற ஆளு மாறிட்டான். பழைய ஆளு விடல, புது ஆளு கேட்டை அடைக்கறான். ஆஷுலியா கலாட்டாவுல சம்பளம் எவ்வளவு, ஜுட் எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

அந்த சீட் ஏன் காலியா இருக்குன்னு விசாரிச்சேன். முன்ன இருந்தவர் ஸ்ரீலங்காக்காரர், ஆகஸ்ட்ல கொழும்புக்குப் போனவர் திரும்பல. 2022ல ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஜனங்க புகுந்ததைச் சொந்த ஊர்லயே பார்த்தவர், மாப்ள. அந்த அனுபவம் இருக்கற ஆளே வரலன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

நல்ல விஷயமும் சொல்றேன். சேப்பாக்கம் டெஸ்ட்டை எங்க மெஸ்ஸுல எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அஸ்வின் 113 அடிச்சுட்டு, அப்பறம் 6 விக்கெட்டும் எடுத்தப்ப, "தாதா, உங்க ஊர்க்காரரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க"ன்னு பசங்க கெஞ்சறாங்க. அந்த நாலு நாள் அரசியல் பேச்சே இல்ல. ஆனா ஷாகிப்பைப் பாரு. திங்கக்கிழமை மிர்பூர்ல தென் ஆப்பிரிக்கா டெஸ்ட் ஆரம்பிக்குது, சொந்த மண்ணுல கடைசி டெஸ்ட் ஆடிட்டு ஓய்வு பெறணும்னு ஆசைப்பட்டார். அவாமி லீக் எம்.பி.யா இருந்தவர், பேர்ல கொலைக் கேஸ் வேற. ஸ்டேடியத்துக்கு முன்னால எதிர்ப்பு. துபாய் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்னுட்டார்னு நேத்து செய்தி. நேத்துதான் ஹசீனாவுக்கும் அரெஸ்ட் வாரன்ட் போட்டாங்க. இந்த நாட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்தவன் உள்ள வர முடியல, பெருந்துறைக்காரன் நான் காலைல பராட்டா வாங்கிட்டு வந்து சாப்பிட்டுட்டு உனக்கு எழுதிட்டு இருக்கேன்.

நான் ஏன் இருக்கேன்னு கேப்ப. பாதி காசு, ஒளிக்க ஒண்ணுமில்ல, வீட்டு லோன் இன்னும் இருக்கு. மீதிய எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க கமர்ஷியல் மேனேஜரோட அம்மாவுக்கு வேலூர் சி.எம்.சி.லதான் வைத்தியம். இங்க யாரைக் கேட்டாலும் வேலூர் தெரியும், திருப்பூர் தெரியாது. இப்ப இந்தியா விசா கொடுக்கறதை ரொம்பக் குறைச்சிருச்சு, அவருக்கு இன்னும் தேதி கிடைக்கல. ஆகஸ்ட்ல ரோட்டுக் கடை எல்லாம் மூடிக் கிடந்தப்ப எனக்கு அரிசி, பருப்பு கொண்டு வந்து கொடுத்தது அவர். தீபாவளிக்கு நான் வரும்போது அந்த அம்மாவோட ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்துட்டு வேலூர் போய் டாக்டர்கிட்ட காட்டறதா ஒத்துக்கிட்டிருக்கேன். நீயும் வாயேன், போற வழியெல்லாம் பேசிக்கிட்டே போலாம்.

உன் தங்கச்சி கேக்கறது வேற. "நீங்க வாங்க, இல்ல நாங்க அங்க வர்றோம், ரெண்டுல ஒண்ணு"ங்கறா. பையன் பெருந்துறை ஸ்கூல்ல சேர்ந்து இப்பத்தான் ஃப்ரெண்ட்ஸ் பிடிச்சிருக்கான். தேர்தல் எப்பன்னே தெரியாத ஊருக்கு அவனைத் திரும்பக் கூட்டிட்டு வர எனக்கு மனசு இல்ல. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. உனக்கு இவ்வளவு எழுதறேன், அவளுக்கு ஒரு வரி எழுத வரல.

திருப்பூருக்கு ஆர்டர் திரும்புதுன்னு பேசிக்கறாங்களாமே. உண்மையா இருந்தா உன் முதலாளிகிட்ட சம்பளத்தை ஏத்திக் கேக்க இதைவிட நல்ல நேரம் வராது. காஜிப்பூர் ஆஃபரைக் காட்டியே கேளு. அதுக்காவது அது உதவட்டும்.

காஜிப்பூர் கம்பெனிக்காரங்களை ஒரேயடியா மறுத்துராத. தேர்தல் முடிஞ்சப்பறம் பார்க்கலாம்னு இழுத்து வை. வொர்க் பர்மிட் எடுத்துத் தருவாங்களா, இல்ல டூரிஸ்ட் விசாவுல வா, அப்பறம் பார்த்துக்கலாம்னு சொல்வாங்களான்னு கேளு. ரெண்டாவது சொன்னா பேச்சே வேண்டாம், கலாட்டா நேரத்துல அந்த ஆளுக்கு நாதியில்ல. சம்பளம் எந்த பேங்க்ல போடறாங்கன்னும் கேளு. இங்க சில பேங்க்ல செக் கொண்டு போனா காசு இல்லன்னு திருப்பி அனுப்பறாங்க. ஆகஸ்ட்ல ஒரு லட்சம் டாக்காவுக்கு மேல யாருமே பணமா எடுக்க முடியாதுன்னு வெச்சிருந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, போன மாசம்தான் அதை எடுத்தாங்க.

ஆஃபர் லெட்டரை இன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்பு, எல்லாப் பக்கத்தையும். போன தடவை மாதிரி சம்பளம் போட்ட பக்கத்தை மட்டும் அனுப்பாத.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்